முத்திரைக்கு மேல் முத்திரை கேட்கும் ஆய்வகம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் உள்ள எங்கள் சிறிய தொழிற்சாலையில், நீர் வடிகட்டிக் கருவிகளுக்கான 24 வோல்ட் அடாப்டர் செய்கிறோம். அதற்குள் மின்சாரம் நுழையும் இடத்திலேயே, மின் இரைச்சலை அடக்கும் எக்ஸ்2 வகை மின்தேக்கி ஒன்று நிற்கும்; நீளம் 18 மில்லிமீட்டர், விலை சில காசுகள். பழைய தயாரிப்பாளர் அந்த மாடலை நிறுத்திவிட்டதால் வேறொருவரிடம் வாங்க நேர்ந்தது. அந்த ஒரே குற்றத்துக்காக, சான்றிதழ் தரும் ஓர் ஆய்வகத்தின் பின்னால் நான்கு மாதமாக நடையாய் நடந்துகொண்டிருக்கிறேன்.

சோதனையே வேண்டாம் என்று சொல்கிறவன் நானில்லை. எக்ஸ் வகை மின்தேக்கி லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இரவு பகலாகக் கிடப்பது, கெட்டால் தீப்பிடிக்கலாம். ஒய் வகை லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் இருப்பது. அது கெட்டால் கருவியைத் தொட்டவருக்கே ஆபத்து. ஆகவேதான் ஐ.இ.சி. 60384-14 என்ற தரநிலை, இவற்றை உயர் மின்னழுத்த அதிர்வுகளால் (எக்ஸ்2 வகைக்கு 2.5 கிலோவோல்ட்) அடித்துப் பார்க்கிறது, 1,000 மணி நேரம் கூடுதல் மின்னழுத்தத்தில் வாட்டிப் பார்க்கிறது, 56 நாள் ஈரவெப்பத்தில் ஊறப்போட்டுப் பார்க்கிறது. (பினாங்கில் பிறந்தவர்களுக்கு அந்தக் கடைசிச் சோதனை ஆயுள் முழுவதும் நடப்பதுதான்.) இவ்வளவையும் தாண்டி வந்த பிறகுதான் அந்தச் சிறிய உடம்பில் வி.டி.இ., ஈனெக், யு.எல். என்று பாதுகாப்புச் சான்று முத்திரைகள் ஏறுகின்றன. ஒருவர் முறையாகச் சோதித்ததை மற்றவர் மறுபடியும் சோதிக்க வேண்டாம் என்பதற்காகத்தானே முத்திரை?

ஆய்வகத்துக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். பழைய மின்தேக்கி 275 வோல்ட் தாங்கும், புதியது 310 வோல்ட் தாங்கும். அளவும் வகையும் வெப்ப வரம்பும் ஒன்றே. "சார், உங்கள் பாகப் பட்டியலில் 275 என்றுதானே இருக்கிறது? 310 என்றால் அது வேறு பாகம் ஆகிவிடும்," என்றார் தொலைபேசியில் அந்த அதிகாரி, நல்ல தமிழில், மிகுந்த பணிவோடு. கூடுதலாகத் தாங்குவதும் ஒரு குறைதான் என்பதை அன்றுதான் அறிந்தேன். முந்தைய ஆண்டு இதேபோன்ற மாற்றத்தை ஒரே மின்னஞ்சலில் ஏற்றுக்கொண்டதும் இதே ஆய்வகம்தான். அப்போது மேசையில் இருந்தவர் வேறு, அவ்வளவுதான்.

அதைவிட எரிச்சலூட்டுவது, கேட்க வேண்டியதை ஒரே தடவையில் கேட்காமல் தவணை முறையில் கேட்பது. முதல் கடிதத்தில் சான்றிதழின் நகலைக் கேட்டார்கள், அன்றே அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, சான்றிதழில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, மின்தேக்கியிலோ சின்னம் மட்டுமே இருக்கிறது, இரண்டும் ஒருவருடையதே என்பதற்கு ஆதாரம் தேவை என்றார்கள். அந்தச் சின்னம் அதே சான்றிதழின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. பக்க எண்ணைச் சொல்லிப் பதில் எழுதினேன். அதற்கும் பதில் வர இரண்டு வாரம். இதற்கிடையே "மாற்று மதிப்பீட்டுக் கட்டணம்" என்று 3,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பில் மட்டும் தாமதமே இல்லாமல் வந்து சேர்ந்தது. சந்தேகப்படுவதும் அவர்கள், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனைக்குக் காசு வாங்குவதும் அவர்கள்.

போலி முத்திரை அச்சடிக்கிறார்கள், அதனால்தான் இத்தனை கண்டிப்பு என்று அவர்கள் சொல்லியிருந்தால் நானே தலையாட்டியிருப்பேன். ஆனால் போலியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சான்றிதழ் எண்ணை முத்திரை கொடுத்த அமைப்பின் இணையத் தரவுத்தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்ததாக ஒரு வரிகூட அவர்களுடைய கடிதங்களில் இல்லை. எங்கள் கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி, யு.எல். அமைப்பின் உதிரிப்பாக முத்திரையில் ஆர், யு எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருப்பதைக் கண்டு, அச்சுப்பிழை என்று பெட்டியையே திருப்பி அனுப்பப் பார்த்தான். அந்த முத்திரை அப்படித்தான் இருக்கும், முழுக் கருவிக்கு அல்லாமல் உள்ளிருக்கும் பாகத்துக்குத் தருவது அது என்று விளக்கினேன். ஆனாலும் அவன் முத்திரையை உற்றுப் பார்த்தான். அந்த அளவுக்காவது ஆய்வகத்தில் யாராவது பார்த்திருக்கலாம்.

நேற்று வந்த மூன்றாவது கடிதம் புகைப்படம் கேட்கிறது. மின்தேக்கி மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்த நிலையில் இருக்க வேண்டுமாம், முத்திரைகள் அனைத்தும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். முத்திரைகளில் பாதி மேற்புறத்தில் இருக்கின்றன. மீதி பக்கவாட்டில், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி மறைந்து நிற்கின்றன. நான் அதை எழுதி அனுப்பிவிட்டேன். பதிலுக்கு இனி இரண்டு வாரம்; அதுவரை லைனில் வேலை செய்யும் ஆறு அக்காமார்கள் வேறு பொருளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.