பிராக் யூதர் பகுதியைக் காப்பாற்றியது ஹிட்லர் இல்லை

"அழிந்துபோன இனத்துக்கு அருங்காட்சியகம் வைக்க ஹிட்லர் விரும்பினார், அதனால்தான் பிராக் நகரின் யூதர் பகுதி இடிபடாமல் தப்பியது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பயண வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லிப் பரவிய கதை இது. ஹிட்லர் அப்படி உத்தரவிட்டதற்கு ஆவணம் எதுவும் கிடைத்ததில்லை.

முதலில், அந்தப் பகுதி இடிபடாமல் தப்பவே இல்லை. சுகாதாரச் சீரமைப்பு என்று சொல்லி 1893-இல் சட்டம் கொண்டுவந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியை நகராட்சியே தரைமட்டமாக்கிவிட்டது. எஞ்சியவை ஆறு ஜெப ஆலயங்கள் (யூதர்களின் வழிபாட்டிடங்கள்), பழைய கல்லறைத் தோட்டம், யூதர் நகர மண்டபம், அவ்வளவுதான். அவற்றில் 13ஆம் நூற்றாண்டின் 'பழைய-புதிய' ஜெப ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

அருங்காட்சியகமும் நாஜிகளின் யோசனை அல்ல. இடிபட்ட ஜெப ஆலயங்களின் பொருள்களைக் காக்க 1906-இலேயே உள்ளூர் யூதர்கள் தொடங்கியது அது. 1942-இல் செக் நாட்டுப் பகுதிகளான போஹீமியா, மொராவியா ஊர்களிலிருந்து யூதர்களை நாஜிகள் நாடு கடத்தியபோது, அவர்கள் விட்டுச்சென்ற தோரா (யூத மறைநூல்) பேழைத் திரைகள், வெள்ளிப் பாத்திரங்கள், நூல்களை எல்லாம் பிராக்கில் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தவர்கள் யூத சமூகத்தினர். நாஜிகள் அனுமதித்தார்கள், மேற்பார்வை செய்தார்கள், உண்மைதான். ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அட்டவணையிட்டவர்கள் யூத ஊழியர்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு முகாம்களில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்த வேலைக்கான பெருமையைக் கொண்டுபோய் ஹிட்லருக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

அப்புறம், அங்கே போனால் பிங்காஸ் ஜெப ஆலயத்தைத் தவறவிடாதீர்கள். கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் அதன் சுவர்களில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன.