80 பிளஸ் முத்திரை பாதுகாப்புச் சான்று அல்ல
80 பிளஸ் கோல்ட் முத்திரை இருந்தால் கணினியின் பவர் சப்ளை பாதுகாப்பானது என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. சோதனையும் 23 பாகை வெப்பத்தில். இங்கே திருகோணமலையில் வைகாசி மத்தியானம் அறையே 30 பாகையைத் தாண்டிவிடும், கணினிப் பெட்டியான கேசிங்குக்குள் சொல்லவே வேண்டாம். ஷார்ட் ஆனால் தானாக நிற்குமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. உண்மையில் எவ்வளவு வாட் கிடைக்கும் என்று அறிய, சப்ளையின் லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். உவர்மலையில் உறவினர் வீட்டில் கேசிங்கோடு வந்த சப்ளை ஒன்றைப் பார்த்தேன்: பெரிய எழுத்தில் 500 வாட், 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்தான்! ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இழுப்பது இந்த 12 வோல்ட்டில்தான். மேலே கருத்துப் பகுதியில் ஒரு தம்பி, கேசிங்கைத் தொட்டால் சுருக்கென்கிறது, சப்ளை பழுதா என்று கேட்டிருக்கிறார். முதலில் எர்த்தைப் பாருங்கள் தம்பி. சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் கபாசிட்டர்களின் சிறு மின்கசிவு எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லாத இரண்டு முள் அடாப்டரில் செருகினால் அந்தக் கசிவு கேசிங்கிலேயே நிற்கும். எர்த் சரியாக இருந்தும் அடித்தால் அந்த சப்ளையைப் பாவிக்க வேண்டாம். சப்ளையின் மூடியையும் கழற்றாதீர்கள், வயரைக் கழற்றிய பிறகும் பெரிய கபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.