அரை மணி நேரத்தில் ஆசிரியரானேன்

செவ்வாய்க்கிழமை எங்கள் மருத்துவமனைக் கருத்தரங்கக் கூடத்தில் நடந்ததை இந்தக் குழுவில் ஏற்கெனவே பலரும் எழுதிவிட்டீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. மூன்று ஆண்டுப் பணி முடித்த செவிலியர்கள் எல்லோரும் இனி வார்டுக்கு வரும் நர்சிங் மாணவிகளுக்கு வழிகாட்டிகள் என்று சுற்றறிக்கை வந்தது, அரை மணி நேரம் திரையில் ஏதோ ஓடியது, கையெழுத்து வாங்கினார்கள், சமோசா கொடுத்தார்கள், சான்றிதழோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதெல்லாம் போகட்டும். "கற்றுக்கொடுப்பதற்கு எங்களுக்கு முறையான பயிற்சி வேண்டாமா?" என்று நான் எழுந்து கேட்டபோது, மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "சிஸ்டர், அது உங்களுக்கெல்லாம் கூடப் பிறந்த குணமாயிற்றே" என்றாரே, அதுதான் நான்கு நாளாக முள்ளாகக் குத்துகிறது.

கூடப் பிறந்த குணமாம். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் டாக்டர்களுக்கு மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி கட்டாயம். பக்கத்துப் புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே 1970களிலிருந்து ஒரு மையம் இயங்குகிறது. அவர்களுக்குக் கற்பித்தல் என்பது பயின்று பெற வேண்டிய திறன். எங்களுக்கு மட்டும் தாய்ப்பாலோடு வந்துவிட்டது போலும்.

சென்ற ஆண்டு, கை வீங்கியிருந்த ஒரு பெரியவருக்கு நான் பிங்க் வென்ஃப்ளான் (மருந்தேற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போட்டு முடித்ததும், அருகில் டிரே பிடித்து நின்ற இரண்டாம் ஆண்டு மாணவி, "மேடம், நரம்பு அங்கேதான் இருக்கிறதென்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் உள்ள நான் சொன்ன பதில், "பழகப் பழக வரும்." அவள் தலையாட்டினாள். ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புதியவர் வல்லுநராவதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டிய அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984இலேயே எழுதியது இதைத்தான்: மேல்படிக்குப் போனவர் விதிகளை எண்ணி வேலை செய்வதில்லை, பார்த்ததும் செய்கிறார். விரலுக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவர, ஒரு செயலை எப்படித் துண்டு துண்டாகப் பிரிப்பது, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது, தவறை நோயாளியின் காதில் விழாமல் எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். வேலை தெரிந்தவருக்குச் சொல்லித்தரவும் தெரியும் என்று வைத்துக்கொள்வது எங்கள் தலையிலும் மாணவிகள் தலையிலும் ஒருசேரப் பாரத்தை ஏற்றுவது.

"பி.எஸ்சி. நர்சிங்கில் கற்பித்தல் பற்றி ஒரு பாடமே இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. சார்ட் எழுதி, பாடத்திட்டம் போட்டு, வகுப்பெடுத்து மதிப்பெண் வாங்கினோம். நோயாளி விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய மகன் "கத்துக்குட்டியை விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க, ஊசி பிடித்த மாணவியின் கை நடுங்குவதை எப்படி நிறுத்துவது என்று அதில் இல்லை. "10 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வர வேண்டும் என்று இந்திய செவிலியர் கவுன்சில் விதி இருக்கிறதே" என்பதற்கும் பதில் உண்டு: வருகிறார், மாணவிகள் செய்த வேலைகளைப் பதியும் லாக் புக்கைப் பார்க்கிறார், அடுத்த வார்டுக்குப் போகிறார். "எங்கள் காலத்தில் யார் பயிற்சி கொடுத்தார்கள், நாங்கள் நன்றாக வரவில்லையா?" என்று கேட்கும் மூத்தவர்களே, பாதியில் விட்டுப் போனவர்கள் இங்கே வந்து பதில் எழுதப் போவதில்லை.

நானும் யோக்கியமில்லை. இருபத்தாறு நோயாளிகள், நாங்கள் இரண்டே பேர் என்றிருந்த ஒரு காலையில், கிருமிநீக்கம் செய்த டிரெஸ்ஸிங் டிரேயை வெறுங்கையால் தொட்டுவிட்ட ஒரு மாணவியைப் பார்த்து நோயாளியின் உறவினர்கள் முன்னாலேயே "எந்தக் காலேஜ் நீ?" என்று கத்தினேன். போஸ்டிங் முடியும்வரை அந்தப் பெண் பி.பி. பார்ப்பதைத் தவிர எதற்கும் அருகில் வரவில்லை. என்னிடம் அப்படித்தான் கத்தினார்கள். அதுதான் கற்பிப்பது என்று நான் நினைத்திருந்தேன்.

இங்கிலாந்தில் 2018இல் செவிலியர் பயிற்சி விதிகளை மாற்றியபோது, கூட இருந்து சொல்லித்தருபவரையும் தேறினாளா என்று தீர்ப்புச் சொல்பவரையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். மாணவியை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கவும் கூடாது. இங்கே சொல்லித்தருவதும், லாக் புக்கில் கையெழுத்துப் போடுவதும், புகார் சொல்வதும் ஒரே ஆள். எந்தப் பெண் வாய்திறந்து "தெரியவில்லை" என்பாள்? ஆள் கணக்கைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மாணவிகள் வராத நாளில் எந்த வார்டிலும் போய்ப் பாருங்கள். ஆள் பற்றாக்குறையில் பயிற்சிக்கு நேரம் எங்கே என்றால், நியாயம்தான், என்னிடம் பதில் இல்லை. ஆனால் வழிகாட்டி என்று பெயர் சூட்ட மட்டும் நேரம் கிடைத்ததே. கூடுதல் ஊதியம் கேட்கவில்லை, பணிநேரக் குறைப்புக் கேட்கவில்லை, கேட்டது பயிற்சி. அதற்கும் சிரிப்பு.

சான்றிதழில் என் பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கிறது. திங்கட்கிழமை காலை 7 மணிக்கு ஆறு மாணவிகள் வருகிறார்கள். முதல் நாள் எதை, எந்த வரிசையில் சொல்வது என்று நேற்று மின்சார ரயிலில் தாம்பரம் வரும்வரை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் போகவில்லை.