ஹெர்ஸ்பெர்க் அப்படிச் சொல்லவில்லை

அந்த வீடியோவுக்குக் கீழே நான் எழுதிய இரண்டு வரிக்கு இவ்வளவு பேர் திட்டுவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, சுருக்கமாகச் சொன்னது புரியவில்லை என்றால் விரிவாகவே சொல்கிறேன். நாகர்கோவில் மண்டபத்தில் கடை முதலாளிமாருக்கும் பணியாளர்களுக்கும் நடந்த பயிற்சி வகுப்பு வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் கோபம் ஒரே ஒரு இடத்தில்தான். பின்வரிசையில் சீருடைப் புடவையில் இருந்த அந்தப் பிள்ளை எழுந்து, "சார், சம்பளம் கொஞ்சம் கூட்டினா நாங்க இன்னும் நல்லா வேலை செய்வோம்" என்றாள். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே திரையில் ஹெர்ஸ்பெர்க் படத்தைக் காட்டி, "உலகத்திலேயே பெரிய மேனேஜ்மென்ட் அறிஞர் சொல்லியிருக்கார்மா, சம்பளம் மனுசனை ஊக்கப்படுத்தாது" என்றாரே, அந்த இடம். முன்வரிசையில் இருந்த முதலாளிமார் கைதட்டினார்களே, அந்த இடம். அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள்.

ஹெர்ஸ்பெர்க் அப்படிச் சொல்லவில்லை. இதைத்தான் கமெண்டிலும் எழுதினேன், இதைத்தான் இப்போதும் எழுதுகிறேன்.

கல்லூரியில் நான் நடத்தும் பாடம் இது. ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடன் இருந்தவர்களும் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் வேலை பார்த்த 203 எஞ்சினியர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசினார்கள். வேலையில் மனசு நிறைந்திருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், மனசு கசந்துபோன ஒரு சமயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நிறைவான கதைகளில் சாதித்தது, பாராட்டுக் கிடைத்தது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பு வந்தது என்று அதிகம் வந்தது. கசப்பான கதைகளில் கம்பெனியின் விதிமுறைகள், மேற்பார்வையாளர் நடத்தும் விதம், வேலை செய்யும் இடம் என்று வந்தது. சம்பளம் இரண்டு பக்கத்திலும் வந்தது. கடைசியில் அதை அவர் இரண்டாவது, அதாவது கசப்பின், பட்டியலில் சேர்த்தார். அந்த இரண்டாவது பட்டியலைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. சுத்தமான தண்ணீர் நோயைக் குணமாக்காது, ஆனால் தண்ணீர் கெட்டுப்போனால் ஊரே படுத்துவிடும். சம்பளமும் அப்படித்தான். அது சரியாக இருந்தால் மட்டும் ஒருவர் உற்சாகத்தில் துள்ளிவிட மாட்டார். சரியில்லை என்றால் நீங்கள் என்ன பாராட்டினாலும் அவர் மனசு ஆறாது.

இதில் எந்த வரியில் "சம்பளம் கூட்டாதே" என்று இருக்கிறது? முதலில் இதைச் சரி செய், அப்புறம் மற்றதைப் பேசு என்றுதானே இருக்கிறது? பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, அதுவும் மாசச் சம்பளம் போதாமல் தவிக்கும் ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே அதைச் சொல்வது படிப்பே இல்லை. அந்த 203 பேரில் ஒருவர்கூட துணிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்று சேலை விரித்துக் காட்டியவர் இல்லை என்பதையும் அந்தப் பயிற்சியாளர் சொல்லவில்லை.

மாஸ்லோவின் பிரமிடும் திரையில் வந்தது, மனுசனின் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் படம். அது வராமல் இந்த வகுப்புகள் நடப்பதே இல்லை. உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. அந்தப் படம் பின்னால் மேனேஜ்மென்ட் ஆட்கள் போட்டது. ஒரு படி முழுதாக நிறைந்தால்தான் அடுத்த படி என்றும் அவர் கறாராகச் சொல்லவில்லை. சரி, பிரமிடே இருக்கட்டும். அதன் அடியில் என்ன இருக்கிறது? சாப்பாடு, தூக்கம், உடம்பு, பாதுகாப்பு. அடித்தட்டை அரை நிமிடத்தில் தாண்டிவிட்டு, தன் திறமையை முழுதாக எட்டுவது என்ற உச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியது ஏன் என்றுதான் நான் கேட்கிறேன். அடித்தட்டுக்குச் செலவாகும். உச்சிக்குக் கைதட்டல் போதும்.

ஹாதார்ன் ஆய்வுக்கும் இதே கதிதான். "பணியாளர் மேல் கவனம் காட்டுங்கள், உற்பத்தி தானாகக் கூடும்" என்று பயிற்சியாளர் முடித்துவிட்டார். சிகாகோ பக்கத்தில் சிசரோவில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் அவை. தொலைபேசிக்கான ரிலே என்ற மின் உறுப்பைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். கவனம் மட்டுமா காட்டினார்கள்? அவர்களின் பீஸ் ரேட்டையே, அதாவது செய்த எண்ணிக்கைக்குத் தரும் கூலியையே, மாற்றினார்கள். அதுவரை ஏறக்குறைய நூறு பேர் செய்த வேலையைச் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள், அந்தச் சின்னக் குழு செய்ததை மட்டும் வைத்துக் கூலி போட்டார்கள். அதாவது கூடுதலாகச் செய்தால் கூடுதல் பணம் அவர்கள் கைக்கே வந்தது. நடுவில் ஓய்வு கொடுத்தார்கள், தின்னக் கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ரொம்பப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928-இல் இரண்டு பெண்களை வெளியே அனுப்பிவிட்டு வேறு இருவரைக் கொண்டு வந்தார்கள். அந்த இரண்டு பேரைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கூலி, ஓய்வு, வேலை நேரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு "கவனம்" என்ற ஒன்றை மட்டும் நம் ஊருக்குக் கொண்டு வருகிறார்கள். பாதியை மட்டும் சொல்லாதீர்கள் என்றுதானே கேட்கிறேன், இதில் என்ன தப்பு?

"வாத்தியாரம்மாவுக்கு ஏட்டுப்படிப்புதான் தெரியும், கடைக்குள்ளே நடப்பது என்ன தெரியும்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதற்கு லைக்கும் போட்டிருக்கிறீர்கள். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தபால் வழியில் எம்.பி.ஏ. படித்த காலத்தில் நான் ஒரு துணிக்கடையில் சேல்ஸில்தான் நின்றேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். ஓணத்துக்கும் கிறிஸ்மஸுக்கும் கூட்டம் எப்படி வரும் என்று இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். களியக்காவிளை எல்லை தாண்டி கேரளத்திலிருந்து வருகிறவர்களை சேச்சி என்று கூப்பிட்டு மலையாளத்தில் பேச வேண்டும், நம் ஊர்க்காரர்களை அக்கா, மைனி என்று கூப்பிட வேண்டும், யார் என்ன பேசினாலும் சிரித்த முகமாக நிற்க வேண்டும். அந்தச் சிரிப்பும் வேலைதான் என்பதை ஆர்லி ஹோக்‌ஷில்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் புத்தகமாகவே எழுதினார். படித்தபோது அந்த வரிகள் எனக்குப் புதிதாக இல்லை. ராத்திரி கடை அடைத்தபின் கன்னம் வலிக்கும்.

உட்காரக் கூடாது. ஆளே இல்லாத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது. கேமராவில் தெரிந்தால் ஃபைன். பாத்ரூம் போக சூபர்வைசரிடம் கேட்க வேண்டும். அங்கே என்னோடு நின்ற ஒரு அக்காவுக்குக் காலில் நரம்பெல்லாம் சுருண்டு நீலம் பாரித்துக் கிடந்தது, அவர் அதைச் சேலையால் மறைத்துக்கொண்டு நின்றார். ஒருநாள் விலை கூடிய ஒரு பட்டுச்சேலை கொக்கியில் மாட்டி இழை பிரிந்துவிட்டது. அதைச் செய்தவள் யாரிடமும் சொல்லாமல் மடித்து அடியில் வைத்துவிட்டாள். சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கல்யாண வீட்டுக்காரர் வாங்கிப் போய், திரும்பக் கொண்டுவந்து கடையே அதிர்கிற மாதிரி சத்தம் போட்டபோதுதான் முதலாளிக்குத் தெரிந்தது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது தெரிந்தது. பயமில்லாமல் சொல்ல முடிந்த இடத்தில் தவறு வெளியே வருகிறது, மற்ற இடத்தில் மடித்து அடியில் வைக்கப்படுகிறது. இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேலைதான் நினைவுக்கு வரும். எனக்குக் கடை தெரியாது என்று எழுதாதீர்கள்.

அடுத்தது, "சின்னக் கடைக்காரர் எங்கே போவார்? வாடகை, கரண்ட், வரி, எல்லோரும் ஆன்லைனில் வாங்குகிறார்கள்" என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். கொடுக்க முடியாத நிலைமை சிலருக்கு இருக்கும். அப்படியென்றால் அதை நேராகச் சொல்லுங்கள். "மக்ளே, இந்த வருசம் யாவாரம் மோசம், இவ்வளவுதான் முடியும், கணக்கை வேணும்னா பாரு" என்று ஒரு அண்ணாச்சி சொல்லியிருந்தால் நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். அதில் மரியாதை இருக்கிறது. முடியாது என்பதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஒரு அறிஞரைக் கூட்டி வந்து, நீ கேட்பதே தப்பு, உனக்குப் பணம் தேவையில்லை, உனக்கு வேண்டியது ஊக்கம்தான் என்று அந்தப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் தியரி, நம்ம ஆட்களுக்கு ஒத்து வராது, பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்" என்று ஒரு நண்பர். அதே தியரியை வைத்துச் சம்பளத்தை மறுத்தபோது மட்டும் அது நம் ஊருக்கு ஒத்து வந்ததா? அகமதாபாத் காலிகோ மில்லில் 1953-இல், லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், ஒரு தறிக்கூடத்தைச் சின்னச் சின்னக் குழுக்களிடம் ஒப்படைத்தால் என்ன என்று யோசனை சொன்னார். தொழிலாளர்களே பேசி, யார் யாரோடு சேர்வது என்று அவர்களாகவே குழு பிரித்துக்கொண்டார்கள். துணியும் கூடுதலாக வந்தது, சேதாரமும் குறைந்தது. அவர்கள் இந்தியர்கள்தான், மில் தொழிலாளிகள்தான். ஆள் சோம்பேறி என்று நினைத்து நடத்தினால் அவன் அப்படியேதான் நடந்துகொள்வான், அதைப் பார்த்து முதலாளி "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்பார் என்று டக்ளஸ் மெக்ரிகர் என்ற மேனேஜ்மென்ட் பேராசிரியரும் 1960-இலேயே எழுதிவிட்டார். ஆள் சோம்பேறி, விரட்டினால்தான் செய்வான் என்பது எக்ஸ் தியரி, நம்பிக் கொடுத்தால் பொறுப்பாகச் செய்வான் என்பது ஒய் தியரி என்று எல்லா எம்.பி.ஏ. மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். வேலைக்குப் போனதும் அவர்களே கேமரா முன்னால் உட்கார்ந்து யார் உட்காருகிறார்கள் என்று பார்க்கிறார்கள். என் மாணவர்களும் அதில் உண்டு. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

உட்காருவதைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. கடையில் நிற்கும் பெண்கள் போராடிப் போராடி 2018-இல் கேரளத்தில் வந்தது. 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். அந்த மண்டபத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஊக்கம் பேசினார்கள், தலைமைப் பண்பு பேசினார்கள், நாற்காலி பேசவில்லை.

2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் படிப்பைப் படித்த பிள்ளைகள்தான் கடைகளில் நிற்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்தவள் நிற்கிறாள், பி.எட். முடித்தவள் நிற்கிறாள். வீடியோவில் எழுந்து கேட்டவள் எவ்வளவு படித்திருக்கிறாளோ எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. முதலாளிமார் முன்னால், தன் சூபர்வைசர் பக்கத்தில் இருக்கும்போதே எழுந்து கேட்டிருக்கிறாள். அவளுக்குத்தான் கைதட்டியிருக்க வேண்டும்.

இவ்வளவும் பொறுமையாகத்தான் எழுதினேன். ஒரு கமெண்டுக்கு மட்டும் பொறுமை இல்லை. "அண்டி ஆபீஸ்காரி மகளுக்கு இவ்வளவு வாயா" என்று எழுதியவரைச் சொல்கிறேன். ஆமாம், என் அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தார். தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுக் கை வெந்து, தோல் உரிந்து, சாம்பல் பூசிக்கொண்டு மறுநாளும் போனார். கிலோ கணக்கில்தான் கூலி. பருப்பு உடையாமல் முழுசாக எடுப்பதில் அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை, "என் கையிலே பொடி விழாது" என்பார். சாயங்காலம் எடை போடும்போது தராசின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவும் மாட்டார். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தன. வேலையில் பெருமை இருந்ததால் கூலியை விட்டுக்கொடுக்கவில்லை, கூலியில் கண்ணாக இருந்ததால் வேலை கெடவும் இல்லை. ஹெர்ஸ்பெர்க்கை முழுதாகப் படித்தால் என் அம்மாவும் அதற்குள் இருக்கிறார். பாதி படித்தால் இல்லை. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன், அந்தப் படிப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதில் நான் கூச்சப்பட என்ன இருக்கிறது?

நான் முதலாளிகளுக்கு எதிரி, ஊர்க்காரன் வளர்ந்தால் பொறாமைப்படுகிறவள் என்று எழுதியவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. பயிற்சி வகுப்பே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. நடத்துங்கள், முழுதாக நடத்துங்கள்.

மாஸ்லோவைப் பற்றியோ ஹாதார்னைப் பற்றியோ நான் எழுதியது தப்பு என்று நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள், யாருடைய கமெண்டையும் அழிக்க மாட்டேன். இன்றைக்கு விடைத்தாள் திருத்த வேண்டும், நாளைக்கு ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன். 22-ஏ பிரிவின் நகல் வேண்டும் என்று இன்பாக்ஸில் கேட்ட கடைப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்று ராத்திரியே அனுப்பிவிடுகிறேன். அம்மாவின் தொழிலைச் சொல்லித் திட்டியவரை பிளாக் செய்துவிட்டேன்.