டர்பன் கலர் வெச்சு ஜாதி சொல்ல முடியுமா?

"சிங்குங்க கட்டுற டர்பன் கலர பாத்தே அவங்க ஜாதி, ரேங்க் எல்லாம் சொல்லிடலாம்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, சுத்தப் பொய். நிஹாங் சீக்கியர்கள் (சீக்கியர்கள்ல ஒரு போர்வீரர் பிரிவு) வழக்கமா நீலம் கட்டுவாங்க, அது அவங்க மரபு, காவியும் நீலமும் கால்சா (தீட்சை எடுத்த சீக்கியர்களோட அமைப்பு) கலர்னு சொல்வாங்க, மத்தபடி பெரும்பாலும் சட்டைக்கு மேட்சா எது இருக்கோ அதுதான். மன்மோகன் சிங் எப்பவும் வெளிர் நீலம் கட்டினது அவருக்குப் பிடிச்ச கலர்ங்கறதால, அவர் படிச்ச கேம்ப்ரிட்ஜோட கலரும் அதான்!

அதே மெசேஜ்ல டர்பன் பஞ்ச ககாரங்கள்ல (சீக்கியர்களோட, 'க'ல ஆரம்பிக்கிற அஞ்சு அடையாளம்) ஒண்ணுன்னும் இருக்கு. அதுவும் தப்பு. 1699 வைசாகி பண்டிகை அன்னிக்கு ஆனந்த்பூர் சாஹிப்ல குரு கோவிந்த் சிங் கால்சாவை ஆரம்பிச்சார், அந்த வழியில வர்ற அஞ்சு அடையாளம் கேஷ் (வெட்டாத முடி), கங்கா (சீப்பு), கடா (இரும்பு வளையம்), கச்சேரா (அரைக்கால் உள்ளாடை), கிர்பான் (குறுவாள்). முடிதான் லிஸ்ட்ல இருக்கு, அது கடவுள் குடுத்தது அதுல கத்தி படக்கூடாதுன்னு நம்பிக்கை, அதை மூடி மரியாதையா வெச்சுக்கத்தான் டர்பன். அமிர்தம் எடுத்த (கால்சா தீட்சை வாங்கின) பெண்களும் முடி வெட்ட மாட்டாங்க, சிலர் டர்பனும் கட்டுவாங்க.

"குளிக்கவே மாட்டாங்க"ன்னு கடைசி வரி வேற, அதுவும் பொய். சுத்தத்துக்குன்னே அந்த அஞ்சுல கங்கா இருக்கு. கங்கான்னா சின்ன மரச்சீப்பு, தினம் ரெண்டு வேளை சீவி, கொண்டை போட்டு, அதுக்குள்ளயே சொருகி வெச்சுப்பாங்க. எழுதினவன் ஒரு சீக்கியர்கிட்டயாவது பேசிருப்பானான்னு தெரியல.