மனசு மட்டும் பத்தாதுண்ணே

உக்ரைனுக்கு உதவப் போற வாலன்டியர்ஸ் பத்தி எழுதிருக்கீங்க, நல்ல மனசுதான், ஆனா 2022ல போலந்து பார்டர்ல மெடிக்காங்கிற ஊர்ல உக்ரைன் அகதிங்களுக்குன்னு வந்த பழைய துணி மலையா குவிஞ்சு கெடந்துச்சே. 2015 சென்னை வெள்ளத்துக்கு எங்க மதுரை சிம்மக்கல்லுல லாரி ஏத்துனப்பவும் இதே கூத்துதான், நாங்க கேட்டது நாப்கினும் பால்பவுடரும், வந்தது கிழிஞ்ச பட்டுச்சேலை, ஒத்தக்கால் செருப்பு (யாரு மாட்டுறதாம்?). எல்லைகளற்ற மருத்துவர்கள் மாதிரி அமைப்புங்க நர்ஸு, அக்கவுண்டன்ட், தண்ணி சப்ளை தெரிஞ்ச ஆளுன்னு வேல தெரிஞ்சவங்களத்தான் எடுக்குறாங்க, சும்மா செல்ஃபி எடுக்க வர்றவன் அங்கிட்டு சோத்துக்கும் படுக்கைக்கும் பாரம். உசுருக்கும் ஆபத்து இருக்கு, போர் நடக்குற எடத்துல சாப்பாடு போடுற வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் அமைப்புக்காரங்க வண்டி மேல லோகோ போட்டுப் போயும் 2024 ஏப்ரல்ல காஸால இஸ்ரேல் குண்டுல 7 பேர் செத்தாங்க. இப்போதைக்கு துட்டா அனுப்புங்க, போயே ஆகணும்னா மொதல்ல முதலுதவி படிங்க, இன்சூரன்ஸையும் பாருங்க, பல பாலிசில போர் கவர் ஆகாது.