ஆதிச்சநல்லூர் மண்டையோடு 'முதல் மனிதன்' இல்லை

அண்ணாச்சி, 'ஆதிச்சநல்லூர் தாழியில் கிடைத்த மண்டையோடுதான் உலகின் முதல் மனிதன், டார்வின் சொன்னது தப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். தாமிரபரணிக் கரை மேல் பாசம் எனக்கும் உண்டு, ஆனாலும் இது சரியில்லை. 1876இல் ஜெர்மானிய ஆய்வாளர் யாகோர் தோண்டியதும், அப்புறம் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்ததும் இரும்புக்கால இடுகாடு. உள்ளே இருப்பது நம்மைப் போன்ற மனிதர்களின் எலும்பு; வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த நம் மனித இனத்து (ஹோமோ சேப்பியன்ஸ்) எலும்புகளுக்கோ சுமார் 3 லட்சம் ஆண்டு!

டார்வின் 1871இல், கையில் பெரிதாகப் புதைபடிவச் சான்று இல்லாமலேயே, மனிதனின் பூர்வீகம் ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்று ஊகித்தார். பின்னால் அங்கே கிடைத்த எலும்புகள் அவர் பக்கமே பேசுகின்றன. இந்தியாவில் பழைய மண்டையோடு வேண்டுமென்றால், 1982இல் நர்மதைக் கரை ஹத்னோராவில் கிடைத்ததைச் சொல்லுங்கள்.